வடதுருவம் வழியாகப் பழவேற்காட்டுக்கு... 400 ஆண்டுப் பழைய படங்கள் சொல்லும் கதை!

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால், எண்ணூர் தாண்டியதும் காட்சி மாறிவிடும். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கன்டெய்னர் லாரிகள், குடோன்கள், நடுநடுவே உப்பங்கழி. அத்திப்பட்டு, மீஞ்சூர் கடந்து பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் பழவேற்காடு. திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு எல்லை. ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் வங்காள விரிகுடா. மார்ச் மாதத்திலேயே வெயில் மண்டையைப் பிளக்கும்.

இந்த ஊருக்கும் வடதுருவத்துப் பனிக்கடலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. 16-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான சில படங்கள் அதற்குச் சாட்சி. பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கி நொறுங்கும் கப்பல், மாலுமிகள் மீது பாயும் வெள்ளைக் கரடி, பலகையால் கட்டிய வீட்டுக்குள் தீ மூட்டிக் குளிர்காயும் மனிதர்கள் என்று துருவப் பயணத்தை உலகத்துக்குக் காட்டிய ஆரம்பகாலப் படங்கள் அவை. அந்த மாலுமிகள் துருவத்தைப் பார்ப்பதற்காகக் கிளம்பியவர்கள் அல்ல. அவர்கள் தேடியது ஆசியாவுக்கான குறுக்குவழி. மிளகும் கிராம்பும் பட்டும் துணியும் கிடைக்கும் நாடுகளுக்கான வழி. வடக்கே அந்த வழி கிடைக்கவில்லை. அடுத்த 13 ஆண்டுகளில் அதே டச்சுக்காரர்கள் தெற்கு வழியாகச் சுற்றிவந்து இறங்கிய இடங்களில் ஒன்றுதான் பழவேற்காடு.

பாத்திரத்தில் பேர் வெட்டுவதுபோல...

முதலில் அந்தப் படங்கள் எப்படி உருவாயின என்று பார்த்துவிடலாம். கல்யாணச் சீர் வாங்கும்போது பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள் இல்லையா? ஏறக்குறைய அதே வேலைதான்.

வழவழப்பான செப்புத் தகட்டில் கூர்மையான சிறு உளியால் கோடு கோடாகப் படத்தைச் செதுக்குவார்கள். தகடு முழுக்க மையைப் பூசி, பிறகு மேற்பரப்பை நன்றாகத் துடைத்துவிடுவார்கள். செதுக்கிய பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய தாளை அதன்மேல் வைத்து, கரும்பு மெஷின்போல இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்து அழுத்தினால் பள்ளத்தில் இருக்கும் மை தாளில் ஏறிவிடும். படம் இடவலம் மாறி விழும் என்பதால் எழுத்துகளைத் தலைகீழ்க் கண்ணாடி எழுத்தாகவே வெட்ட வேண்டும். கோடு தவறினால் அழித்துத் திருத்துவது பெரும்பாடு.

போட்டோ இல்லாத காலம். தூர தேசம் எப்படி இருக்கும் என்று ஐரோப்பியர்கள் தெரிந்துகொண்டது பெரும்பாலும் இந்தப் படங்கள் வழியாகத்தான். செதுக்கிய கலைஞர்கள் பலர் தங்கள் ஊரைவிட்டு நகர்ந்ததே இல்லை. பயணம் போய்வந்தவர் சொன்னதையும் கிறுக்கிக் காட்டியதையும் வைத்துக்கொண்டு மீதியைக் கற்பனையால் நிரப்புவார்கள். அதனால் இவற்றை அப்படியே நம்பிவிட முடியாது. ஆனால், அந்தக் காலத்து மனிதர்கள் எதைப் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்பதை இவற்றைவிடத் தெளிவாகச் சொல்வது வேறெதுவும் இல்லை.

கோவாவில் இருந்த டச்சுக்காரர்

இந்தக் கதையில் இந்தியாவையும் துருவத்தையும் இணைக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் யான் ஹைகன் வான் லின்ஸ்கோட்டன். டச்சுக்காரரான இவர் 1583-ல் கோவாவுக்கு வந்து, அங்கிருந்த போர்த்துக்கீசிய ஆர்ச்பிஷப்பிடம் செயலாளராக வேலை பார்த்தார். சுமார் ஐந்து ஆண்டுகள் கோவாவில் இருந்தபடியே ஆசிய வணிகம் பற்றிய தகவல்களை எல்லாம் சேகரித்தார். கடல்வழிகள், காற்றின் திசை, எந்த ஊரில் எந்தச் சரக்கு கிடைக்கும் என்று போர்த்துக்கீசியர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயங்கள் அவை. சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்ட பருத்தித் துணிகளின் தரம் பற்றியும் எழுதிவைத்தார்.

ஊர் திரும்பிய லின்ஸ்கோட்டன் சும்மா இருக்கவில்லை. 1594, 1595 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வடக்குப் பனிக்கடலுக்குச் சென்ற கப்பல்களில் வணிகப் பிரதிநிதியாகப் போனார். இந்தியாவைப் பற்றிய அவருடைய புத்தகம் 1596-ல் வெளியானது. கோவாவின் கடைத்தெரு, பல்லக்கு, இந்திய மக்களின் உடைகள் எல்லாம் அதில் செப்புத் தகட்டுப் படங்களாக இடம்பெற்றன. செதுக்கியவர்கள் டூட்டெகம் என்ற குடும்பத்தினர். அதே குடும்பத்தைச் சேர்ந்த பாப்டிஸ்டா வான் டூட்டெகம்தான் 1598-ல் வடதுருவப் பகுதியின் புகழ்பெற்ற வரைபடத்தையும் செதுக்கினார். கோவாவின் கடைத்தெருவும் பனிக்கடலின் கரையும் ஒரே பட்டறையில் உருவாயின!

ஏன் வடக்கே போனார்கள்?

ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இந்தியா வரும் வழி அப்போது போர்த்துக்கீசியர்கள் கையில் இருந்தது. 1580 முதல் போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே அரசரின் கீழ். அந்த ஸ்பெயினோடு டச்சுக்காரர்களுக்குப் போர். லிஸ்பன் துறைமுகத்துக்குப் போய் மிளகு வாங்கி விற்பதே ஆபத்தான வேலையாகிவிட்டது.

அப்போது ஆம்ஸ்டர்டாமில் பெட்ரஸ் பிளான்சியஸ் என்ற மதகுரு இருந்தார். வரைபடம் தயாரிப்பதில் கெட்டிக்காரர். 'துருவத்தில் கோடை முழுக்கச் சூரியன் மறைவதே இல்லை. மாதக்கணக்கில் வெயில் அடித்தால் பனி உருகித்தானே ஆக வேண்டும்? அங்கே திறந்த கடல் இருக்கும். அதன் வழியாகச் சீனாவுக்குப் போய்விடலாம்' என்பது அவருடைய கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் கொடுத்த விலைதான் பெரிது.

1594 பயணம் பாதியில் திரும்பியது. 1595-ல் ஏழு கப்பல்களில் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவர்களையும் பனி மறித்துத் திருப்பி அனுப்பியது. அரசு கைவிரித்துவிட்டது. ஆனால், வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 25,000 கில்டர் பரிசு என்று அறிவித்தது. உடனே ஆம்ஸ்டர்டாம் நகரம் இரண்டு கப்பல்களைத் தயார் செய்தது. ஒன்றின் கேப்டன் யாக்கோப் வான் ஹீம்ஸ்கெர்க். அவருக்கு வழிகாட்டி வில்லெம் பாரென்ட்ஸ். இன்று பாரென்ட்ஸ் கடல் என்று அட்லஸில் இருப்பது இவர் பெயர்தான்.

பனியில் ஒரு வீடு

1596 மே மாதம் கப்பல்கள் கிளம்பின. ஜூன் மாதத்தில் கூர்மையான மலைகள் நிறைந்த ஒரு நிலத்தைப் பார்த்து, 'ஸ்பிட்ஸ்பெர்கன்' என்று பெயர் வைத்தார்கள். இன்று ஸ்வால்பார்ட் எனப்படும் அந்தத் தீவுக்கூட்டத்தில்தான் 2008-ல் இந்தியா தன்னுடைய 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையத்தைத் திறந்தது.

பிறகு இரண்டு கப்பல்களும் பிரிந்தன. பாரென்ட்ஸ் இருந்த கப்பல் நோவயா ஸெம்ல்யா தீவின் வடமுனையைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் இறங்கியது. ஆகஸ்ட் 26 அன்று பனி சூழ்ந்து இறுக்கிக்கொண்டது. கப்பலில் இருந்தவர்கள் 17 பேர். திரும்ப வழியில்லை.

மரமே முளைக்காத பூமி. ஆனால், எங்கிருந்தோ கடலில் மிதந்து வந்த மரக்கட்டைகள் கரையில் ஒதுங்கிக் கிடந்தன. அவற்றையும் கப்பல் பலகைகளையும் கொண்டு ஒரு வீடு கட்டினார்கள். நீளம் எட்டு மீட்டருக்கும் குறைவு. அகலம் ஐந்தரை மீட்டர். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மணமகள் அறை அதைவிடப் பெரிதாக இருக்கும். வேலை நடக்கும்போதே தச்சர் இறந்துபோனார்.

இந்த நாள்களை எல்லாம் குறித்துவைத்தவர் ஹெர்ரிட் டி வீர் என்ற மாலுமி. அவருடைய புத்தகம் 1598-ல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. பதிப்பித்தவர் கார்னெலிஸ் கிளாஸ். லின்ஸ்கோட்டனின் இந்தியப் புத்தகத்தை வெளியிட்ட அதே பதிப்பாளர்தான். துருவப் பயணத்தின் பழைய படங்கள் என்று இன்றைக்கும் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப அச்சாவது அந்தப் புத்தகத்தின் படங்கள்தான்.

வீட்டின் உட்புறத்தைக் காட்டும் படம் அவற்றில் பிரபலம். நடுவில் அடுப்பு. சுவரோரம் வரிசையாகப் படுக்கைகள். மாட்டிவைத்த கடிகாரம். ஆள் உட்கார்ந்து குளிக்கும் அளவுக்கு ஒரு மரப்பீப்பாய். குளித்தால் உடம்புக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னதால் பீப்பாயைத் தொட்டியாக்கினார்கள். பிறகு குளிரில் கடிகாரமே நின்றுபோனது. மணல் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வைத்து நேரத்தைக் கணக்கிட்டார்கள். விளக்குக்குக் கரடிக் கொழுப்பு. சாப்பாட்டுக்குப் பொறி வைத்துப் பிடித்த நரி. ஒருமுறை கரடியின் ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் கடுமையாக நோயுற்றார்கள். மூன்று பேருக்கு உடம்பெல்லாம் தோல் உரிந்தது. துருவக் கரடியின் ஈரலில் வைட்டமின் ஏ விஷமாகும் அளவுக்கு இருக்கிறது என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது.

நவம்பர் 4-ல் சூரியன் மறைந்தது. தொடர்ந்து இருட்டு. ஜனவரி 5 அன்று ஒரு பண்டிகை இரவு. மிச்சமிருந்த மாவில் அப்பம் சுட்டு, சேர்த்துவைத்த ஒயினைக் குடித்து, சீட்டுக் குலுக்கி ஒருவரை 'நோவயா ஸெம்ல்யாவின் ராஜா' ஆக்கினார்கள். ராஜா பட்டம் கிடைத்தது பீரங்கிக்காரருக்கு! வெளியே உறையவைக்கும் குளிர், உள்ளே ஒரு ராத்திரி சிரிப்பு.

ஜனவரி 24 அன்று தொடுவானத்தில் சூரியன் தலைகாட்டியது. கணக்குப்படி அது வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஊர் திரும்பி இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. குளிர்ந்த காற்று அடுக்குகள் ஒளியை வளைப்பதால், தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனும் கண்ணுக்குத் தெரியும் என்று பிற்பாடு அறிவியல் விளக்கியது. இன்றும் அதற்கு 'நோவயா ஸெம்ல்யா விளைவு' என்றே பெயர்.

1597 ஜூனில், பனியிலிருந்து விடுபடாத கப்பலை விட்டுவிட்டு, கூரையில்லாத இரண்டு சிறிய படகுகளில் கிளம்பினார்கள். ஒரு வாரத்திலேயே, ஜூன் 20 அன்று பாரென்ட்ஸ் இறந்தார். நவம்பர் 1 அன்று ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தவர்கள் 12 பேர்.

அங்கே அவர்களுக்கு ஒரு செய்தி காத்திருந்தது. இவர்கள் பனியில் கிடந்த நேரத்தில், வேறு சில டச்சுக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி ஜாவா வரை போய், அந்த ஆகஸ்ட்டிலேயே திரும்பிவிட்டன. தெற்கு வழி திறந்துவிட்டது. வடக்கு வழிக்கு இனி அவசரமில்லை.

விற்பனைக்குப் போன படங்கள்

நோவயா ஸெம்ல்யாவின் அந்த வீடு அப்படியே பனியில் கிடந்தது. 274 ஆண்டுகள் கழித்து, 1871-ல் எல்லிங் கார்ல்சன் என்ற நார்வே கேப்டன் அங்கே போய்ச் சேர்ந்தார். டி வீர் புத்தகத்தின் படத்தில் இருந்த வீடு அவர் கண்முன்னால் இருந்தது. கடிகாரம், செம்புப் பாத்திரங்கள், மெழுகுவத்தித் தண்டுகள், புத்தகங்கள் என்று பல பொருள்களை எடுத்துவந்தார். அவை இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கின்றன.

அவற்றில் ஒன்று பார்ப்பதற்கு அழுக்குக் காகிதக் கட்டி. உண்மையில் அது நூற்றுக்கணக்கான செப்புத்தகட்டு அச்சுப்படங்களின் கட்டு! ஆசியாவில் விற்பதற்காக ஏற்றிச்சென்ற சரக்கு. பனி உறைந்தும் உருகியும், ஈரம் ஏறியும் இறங்கியும், எல்லாத் தாளும் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. 1970-களில் அருங்காட்சியகத்தின் பழுதுநீக்கும் நிபுணர்கள் அதைத் துணிந்து கையிலெடுத்தார்கள். தாள் தாளாகப் பிரித்தார்கள். கிழிந்த துண்டுகளை ஒட்டவைத்து எந்தப் படத்தின் பகுதி என்று கண்டுபிடித்தார்கள். ரோமானிய வீரர்கள், பைபிள் காட்சிகள், நிலக்காட்சிகள், போர்வீரர்கள் எல்லாம் வெளியே வந்தன.

ஆசியாக்காரர்கள் இந்தப் படங்களை வாங்குவார்கள் என்று எப்படி நினைத்தார்கள்? அதற்குக் காரணம் இருந்தது. 1580-ல் அக்பரின் அவைக்கு வந்த ஏசு சபைப் பாதிரியார்கள் படங்களோடு கூடிய பைபிளைப் பரிசளித்தார்கள். முகலாய ஓவியர்கள் அப்படிப்பட்ட ஐரோப்பிய அச்சுப்படங்களைப் பார்த்துப் படியெடுத்தார்கள். படத்துக்கு இந்தப் பக்கம் ரசிகர்கள் இருந்தார்கள். கட்டு மட்டும் வந்து சேரவில்லை.

இன்னொரு வேடிக்கை. ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பயணப் படங்களைத் தொகுத்து வெளியிட்டுவந்த டி பிரை குடும்பத்தினர், பாரென்ட்ஸ் பயணங்களையும் தங்கள் தொகுப்பில் சேர்த்தார்கள். அந்தத் தொகுப்பு வரிசையின் பெயர் 'கிழக்கிந்தியா'. வெள்ளைக் கரடியும் பனிமலையும் அச்சானது இந்தியாவின் பெயரில்!

பழவேற்காட்டில் இறங்கிய கப்பல்கள்

1602-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் பணத்தைவிட முக்கியமாக ஒன்று தேவைப்பட்டது. அது சோழமண்டலத் துணி. அதற்காக இந்தக் கரையில் ஓர் இடம் வேண்டியிருந்தது. 1610-ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதி கிடைத்தது. சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர்கள் 1612-ல் தாக்கினார்கள். அதன்பிறகு 1613-ல் கோட்டை எழுந்தது. பெயர் கெல்ட்ரியா. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தை நினைவில் வைத்து வந்த பெயர்.

நான்கு மூலையிலும் கொத்தளம், சுற்றிலும் அகழி, உள்ளே வெடிமருந்து ஆலை, நாணயச் சாலை. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதுக்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். பழவேற்காட்டுச் சுற்றுவட்டாரத்தில் நெய்த கட்டம் போட்ட துணி கிழக்கே கப்பலேறியது. மலேசியாவில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்குப் 'பெலெக்காட்' என்றுதான் பெயர். பழவேற்காட்டைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

துணி மட்டும் போகவில்லை. 17-ம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக வாங்கி, இந்தக் கரையிலிருந்து பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பினார்கள்.

கெல்ட்ரியா கோட்டையும் செப்புத் தகட்டில் ஏறியது. யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பிலிப்பஸ் பால்டியஸ் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட புத்தகத்தில் பழவேற்காட்டுக் கோட்டைப் படம் இருக்கிறது. நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் படங்களும் உண்டு. தமிழ் எழுத்துகளையும் அதில் அச்சிட்டிருந்தார். பனியில் தவித்த 17 பேரை வீட்டுக்குள் புகுந்து காட்டிய அதே கலை, இங்கே கப்பலேற்றப்பட்டவர்களில் ஒருவரின் முகத்தைக்கூட நமக்கு விட்டுவைக்கவில்லை. படம் வாங்குகிறவர்கள் பார்க்க விரும்பியது கோட்டையைத்தான்.

இப்போது என்ன மிச்சம்?

1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசம் நிரந்தரமாகப் போனது. அதற்கு முன்பே, அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையை இடித்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் இருப்பது முட்செடி மண்டிய மேடும், அகழியின் தடமும்தான். கோட்டை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் பழைய படத்தைத்தான் பார்க்க வேண்டும். கல் போய்விட்டது. காகிதம் இருக்கிறது.

ஆனால், ஊரில் எதுவுமே இல்லை என்று திரும்பிவிட வேண்டாம். 'அண்ணே, டச்சுக் கல்லறை எங்க இருக்கு?' என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். வாசலிலேயே கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. சின்னப் பிள்ளைகள் முதலில் பயந்து, பிறகு அவற்றின் பக்கத்திலேயே நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். 'வாழ்க்கை கொஞ்ச நாள்தான்' என்று நினைவூட்டுவது அந்தக் கால ஐரோப்பியக் கல்லறைகளின் வழக்கம்.

உள்ளே கூம்புபோல உயர்ந்த தூண்கள், மண்டபம்போலக் கட்டிய கல்லறைகள், தரையில் படுத்திருக்கும் பெரிய கல்பலகைகள். பலகைகளில் குடும்பச் சின்னங்கள், பூ வேலைப்பாடுகள், பழைய டச்சு மொழியில் பெயரும் தேதியும். தாளில் படம் செதுக்கிய அதே தலைமுறையின் ரசனை இங்கே கல்லில் இருக்கிறது. ஊரில் உள்ள ஒரு கல்லறைக் கல்லில் கெல்ட்ரியா கோட்டையின் உருவமே செதுக்கப்பட்டிருக்கிறது. இடிந்துபோன கோட்டையின் படம், அது நின்ற ஊரிலேயே, கல்லில்!

அந்தக் கல்லுக்குக் கூரையில்லை. உப்புக் காற்றும் மழையும் எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. காகிதக் கட்டியாகப் போன படங்களையே தாள் தாளாகப் பிரித்தெடுத்துக் காப்பாற்ற முடிந்திருக்கிறது. கல்லைக் காப்பாற்றுவது அதைவிடச் சிரமம் இல்லை. அக்கறையும் தொடர்ந்த பராமரிப்பும் வேண்டும், அவ்வளவுதான்.

டச்சுக்காரர்களுக்கு முந்தைய பழவேற்காடும் இருக்கிறது. செம்பூராங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில் விஜயநகரக் காலத்தது. விரல் அளவு உருவங்களில் ராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். செப்புத் தகட்டுக்காரர்களுக்குச் சளைக்காத கைகள் இந்தப் பக்கமும் இருந்தன.

வழி தெரிந்தவர்கள்

பனிக்கடல் வழி கடைசியில் திறந்தது எப்போது? 1878-79-ல் நோர்டன்ஷியோல்ட் என்ற ஆய்வாளர் 'வேகா' என்ற கப்பலில் ரஷ்யாவின் வடகரை முழுவதையும் கடந்தார். நடுவில் அவரும் ஒரு குளிர்காலம் பனியில் சிக்கிக் கிடந்தார். பசிபிக் பக்கம் வெளியே வந்து ஊர் திரும்பும் வழியில், 1879 டிசம்பரில் இலங்கையின் காலி துறைமுகத்தில் நின்றது அந்தக் கப்பல். பாரென்ட்ஸ் தேடிய வழியில் கிளம்பிய கப்பல் நம் பக்கத்துக்கு வந்துசேர 283 ஆண்டுகள் ஆயின.

ஆனால், அந்த வழி முன்பே தெரிந்தவர்கள் பழவேற்காட்டில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் ஏரிக்கரைச் சேற்றில் குடுகுடுவென்று ஓடி இரை பொறுக்கும் சின்னஞ்சிறு உள்ளான்களைக் கவனியுங்கள். பூநாரையைப் பார்க்க வருகிறவர்கள் இவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. இவற்றில் கொசு உள்ளான் போன்றவை கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் ஆர்க்டிக் கரையோரத்தில். சிட்டுக்குருவி அளவே உள்ள பறவை, பனிக்கடலின் கரையிலிருந்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரிக்கு ஆண்டுதோறும் வந்துபோகிறது.

ஏரிக்குத் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் இன்று பெரிய துறைமுகங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஆலைகள், சாலையெங்கும் கன்டெய்னர்கள். சரக்குக்கு வழி தேடும் வேலை 400 ஆண்டுகளாக இந்தக் கரையில் நிற்கவே இல்லை. அதற்கு நடுவே ஏரியும் பறவையும் மீனவர்களும் கல்லறைக் கல்லும் தங்களுக்கான இடத்தைத் தக்கவைத்துக்கொள்ளப் பாடுபடுகின்றன.

போக நினைப்பவர்களுக்கு...

* சென்னை சென்ட்ரல் - கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கலாம். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து, ஷேர் ஆட்டோ உண்டு. பைக், காரில் போகிறவர்களுக்கு மீஞ்சூர், பொன்னேரி வழி.

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகளுக்கான காலம். வெயிலும் குறைவு. காலை சீக்கிரம் போய்விடுவது நல்லது. தொப்பி, தண்ணீர் கட்டாயம்.

* 2011 டிசம்பரில் நடந்த படகு விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த ஏரி இது. படகில் ஏறும்முன் அனுமதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் குழந்தைகளோடு ஏற வேண்டாம்.

* பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் பனையோலைக் கூடைகளும் பெட்டிகளும் அழகானவை. கிடைத்தால் ஒன்று வாங்கி வாருங்கள்.

* போவதற்கு முன் பழைய படங்களைச் செல்போனிலேயே பார்த்துவிடலாம். ரைக்ஸ்மியூசியம் தன்னுடைய இணையதளத்தில் ஏராளமான அச்சுப்படங்களை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. பாரென்ட்ஸ், கெல்ட்ரியா கோட்டை என்ற பெயர்களை ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் தெரியும்.

* கல்லறையில் எழுத்துகள் தெளிவாகத் தெரிவதற்காகச் சிலர் சாக்பீஸ் தேய்ப்பதுண்டு. செய்யாதீர்கள், தேய்மானம் அதிகமாகும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போட்டோ எடுத்தால் எழுத்துகள் தாமாகவே பளிச்சென்று தெரியும். அந்த போட்டோவைப் பத்திரமாக வைத்திருங்கள். கோட்டைக்கு ஒரு படம் மிஞ்சியதுபோல, நாளை இந்தக் கல்லுக்கும் ஒரு படம் தேவைப்படலாம்.